கார்பரேட்டர் மேல பழி போடாதீங்க!

டிஸ்கி: படகு, மோட்டார் இதுல எல்லாம் ஆர்வம் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். ஊர்ல வீட்டு ஷெட்டுல ஒரு பழைய சேட்டக்கோ, டிவிஎஸ் 50யோ தூங்கிக்கிட்டு இருந்தா கண்டிப்பா படிக்கணும் :-)

பழைய அவுட்போர்டு மோட்டார் ஒண்ணு ஸ்டார்ட் ஆகலைன்னாலோ, நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னுட்டாலோ, சுத்தி நிக்கிறவங்க வாயிலிருந்து வர்ற முதல் வார்த்தை என்ன தெரியுமா? "கார்பரேட்டர் அடைச்சிருக்கும், கழட்டு." இந்த ஒரு பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. கார்பரேட்டர் அடைக்காதுன்னு நான் சொல்ல வரலை. அடைக்கும், நிறையவே அடைக்கும். ஆனா அதுதான் காரணம்னு நிரூபிக்காம ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுக்கிறது தப்புன்னு சொல்றேன். அப்படி எடுத்ததாலதான் நல்ல மோட்டார்கள் பல காயலான் கடைக்குப் போயிருக்குங்கிறது என் கட்சி.

அவுட்போர்டுன்னா படகோட பின்பக்கப் பலகையில மாட்டுற மோட்டார். நம்ம ஊர் ஃபைபர் போட்டுல பார்த்திருப்பீங்க. நான் பேசுறது அமெரிக்காவுல, குறிப்பா மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம், வீட்டுக்கு வீடு கராஜ் மூலையில கிடக்கிற 1950கள், 60களின் மோட்டார்கள். இந்தத் தொழில் வேரூன்றினதே அந்தப் பக்கம்தான். நார்வேயில பிறந்து விஸ்கான்சின்ல வளர்ந்த ஓலே எவின்ரூட், 1909ல மில்வாக்கியில அவுட்போர்டு விக்க ஆரம்பிச்சார். இன்னொரு பெரிய பேரான ஜான்சனும் எவின்ரூடும் 1936ல ஒரே நிறுவனத்துக்குக் கீழ வந்தது. அந்த நிறுவனம் 2000 டிசம்பர்ல திவால். பேரை வாங்கினவங்களும் 2020ல எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆக, கம்பெனி போயாச்சு. அவங்க 1956ல செஞ்ச 10 குதிரைத்திறன் ஜான்சன் சீஹார்ஸ் மட்டும் இன்னிக்கும் ஓடுது. சரியா பார்த்துக்கிட்டா.

"ஏதோ பொழுதுபோக்கு, ஓடலைன்னா என்ன குடியா முழுகிடும்?"னு கேக்கலாம். மினசோட்டாவுல மில் லாக்ஸ்னு ஒரு ஏரி இருக்கு. 500 சதுர கிலோமீட்டருக்கு மேல பரப்பு, நம்ம வீராணத்தைப் போல பல மடங்கு. ஆனா ஆழம் கம்மி, எங்கேயும் 13 மீட்டர் தாண்டாது. பெரிய பரப்பு, கம்மி ஆழம், மேல காத்து. இந்த மூணும் சேர்ந்தா அலை சட்டுனு எழும்பும். நடு ஏரியில மோட்டார் நின்னா படகு காத்துப் பக்கம் குறுக்கா திரும்பிக்கும், அலை பக்கவாட்டுல அடிக்கும். குடி முழுகுதோ இல்லையோ, படகு முழுக வாய்ப்பு இருக்கு. அதனால "எதையோ மாத்தினேன், ஓடுது" என்கிற பதில் எனக்குப் போதாது. ஏன் நின்னது, இப்ப ஏன் ஓடுதுன்னு தெரியணும்.

பொட்டி தட்டிப் பிழைக்கிற நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஒரு புரோகிராம் விழுந்தா முதல்ல என்ன பண்ணுவோம்? லாக் பார்ப்போம். லாக் பார்க்காம நாலு இடத்துல கோடை மாத்தி, ஓடுதான்னு பார்க்கிறவனை டீம்ல என்ன சொல்லித் திட்டுவோம்னு உங்களுக்கே தெரியும். பழைய மோட்டாருக்கும் லாக் ஃபைல் உண்டு. அதுக்குப் பேரு ஸ்பார்க் பிளக். பத்து தடவை கயித்தை இழுத்தும் ஸ்டார்ட் ஆகலைன்னா பிளக்கைக் கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் உள்ள வருது, அப்ப பிரச்சினை தீப்பொறியில இருக்கலாம், இல்லைன்னா பெட்ரோல் அதிகமாப் போய் மூழ்கடிச்சிருக்கலாம். காய்ஞ்சு கிடந்தா பெட்ரோல் வந்து சேரவே இல்லை. காசு செலவில்லாத, ரெண்டு நிமிஷ வேலை. இதைச் செய்யாமலே கார்பரேட்டரை மேசையில பரப்பி வச்சவங்க எத்தனை பேர்!

எரிபொருள்தான் காரணம்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி மத்த ரெண்டையும் கழிச்சுடணும். ஒண்ணு தீப்பொறி. 50கள்ல வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள்ல ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கிற காயில்கள் காலப்போக்குல வெடிப்பு விடும். டெஸ்டர் வச்சு, கால் அங்குல இடைவெளியைத் தாண்டி நீலமாப் பொறி பாயுதான்னு பார்க்கணும். (பிளக் ஓட்டை பக்கத்துல பார்க்காதீங்க, அங்க பெட்ரோல் ஆவி வரும்.) ரெண்டாவது கம்ப்ரெஷன். ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ரெண்டும் சரின்னா பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன் ஆயில் கலந்த பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்க. ரெண்டு செகண்ட் உறுமிட்டு நின்னா சந்தோஷப்படுங்க. எஞ்சின் நல்லா இருக்கு, அதுக்குச் சாப்பாடுதான் வரலை. இதையெல்லாம் ஒரு பீப்பாய் தண்ணியில மோட்டாரை முக்கி வச்சுத்தான் செய்யணும். தண்ணி இல்லாம ஓட்டினா பம்ப்பில இருக்கிற ரப்பர் இம்பெல்லர் போயிடும்.

சரி, சாப்பாடு எங்க நின்னுபோச்சு? டேங்க், ஹோஸ், பம்ப், கார்பரேட்டர். இந்த வரிசையிலதான் பெட்ரோல் போகுது, இந்த வரிசையிலதான் நாமளும் போகணும். நம்மாளுங்க பண்றது நேர் எதிர். கடைசியில இருக்கிற கார்பரேட்டர்ல ஆரம்பிச்சு, அங்கேயே முடிச்சுக்கறாங்க.

60கள்ல இருந்து வந்த பெரும்பாலான மோட்டார்கள்ல ஹோஸ் நடுவுல கையால அமுக்குற ரப்பர் பல்ப் இருக்கும். அந்த பல்ப் எவ்வளவு விஷயம் சொல்லும் தெரியுமா? அமுக்கினதும் சப்பிப்போய் அப்படியே நின்னா டேங்க் பக்கம் அடைப்பு: மூடியில இருக்கிற காத்துத் திருகு மூடியிருக்கும், இல்லைன்னா டேங்குக்குள்ள இருக்கிற வலை அடைச்சிருக்கும். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகலைன்னா எங்கேயோ காத்து இழுக்குது, பல்ப்போட வால்வு போயிருக்கு, இல்லைன்னா கார்பரேட்டர் ஊசி மூடாம பெட்ரோல் வழிஞ்சுக்கிட்டே இருக்கு. ஓடுற மோட்டார் தள்ளாடும்போது பல்ப்பை அமுக்கினா சுதாரிச்சுக்குதா? அப்ப கார்பரேட்டரை விட்டுடுங்க, பெட்ரோல் வந்து சேர்றதுலதான் கோளாறு. பல்ப்புக்கு மசியாம, சோக்கை லேசா இழுத்தா மட்டும் நல்லா ஓடுதா? இப்பதான் கார்பரேட்டர் மேல சந்தேகப்படணும். அதாவது ஜெட்ல அடைப்பு, இல்லைன்னா எங்கேயோ காத்துக் கசிவு. பாருங்க, கார்பரேட்டர் குற்றவாளிக் கூண்டுல ஏற இவ்வளவு நேரம் ஆகுது.

பம்ப்பும் ரொம்ப எளிமையான சமாச்சாரம். டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போகும்போது கிராங்க் கேஸ்ல அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்புல ஒரு மெல்லிய சவ்வு ஆடும். அதான் பம்ப். அந்தச் சவ்வுல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாப் போதும், பெட்ரோல் அந்த வழியா நேரா கிராங்க் கேஸுக்குள்ள போகும். புகை கக்கும், பிளக் நனையும். உடனே "கார்பரேட்டர்ல பெட்ரோல் ஜாஸ்தி"ன்னு தீர்ப்பு வரும்!

அதுக்கும் முந்தின, 50கள் மோட்டார்ல கதை வேற. பம்ப்பே கிடையாது. மோட்டார்லேர்ந்து டேங்குக்கு ரெட்டைக் குழாய் ஹோஸ் போகும். ஒரு குழாய்ல எஞ்சின் காத்தை அனுப்பி டேங்கை அழுத்தும், இன்னொரு குழாய்ல பெட்ரோல் மேல ஏறும். டேங்க் மேலயே ஒரு பிரைமர் பட்டன் இருக்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அதை அமுக்கி கார்பரேட்டரை நிரப்பணும்.

எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட அப்படி ஒரு மோட்டார். அவங்க அப்பா வாங்கினதாம். பீப்பாய்ல அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டா சமத்தா ஓடும். ஏரிக்குப் போய் முழு வேகம் கொடுத்தா கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஒரு ரிப்பேர் கடையில மூணு தடவை கொடுத்து மூணு பில் வாங்கியிருந்தார். மூணுல ரெண்டு கார்பரேட்டர் சுத்தம் பண்ணினதுக்கு, ஒண்ணு காயில் மாத்தினதுக்கு. கடைசியில "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, புதுசு வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. மனுசர் முகம் அன்னிக்கு இருந்த இருப்பு! "அப்பாவோடது, தூக்கிப் போட மனசு வரலை"ன்னு மட்டும் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை ரெண்டு பேருமா உக்காந்தோம். பீப்பாய்ல கியர் போட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து, நிக்கிற வரைக்கும் ஓட்டணும்னு முடிவு. அது தள்ளாட ஆரம்பிச்சதும் அவர் பிரைமர் பட்டனை அமுக்கினார். உடனே பிடிச்சுக்கிச்சு. கையை எடுத்தா மறுபடி தள்ளாட்டம். அமுக்கினா ஓட்டம். கார்பரேட்டர் நிரபராதின்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. மோட்டாரை நிறுத்தி டேங்க் மூடியை மெல்லத் திருகினா, வர வேண்டிய 'உஸ்ஸ்' சத்தம் வரலை. அழுத்தம் நிக்கலைன்னு அர்த்தம். மறுபடி ஓடவிட்டு மூடி ஓரத்துலயும் ஹோஸ் முனையிலயும் சோப்புத் தண்ணி தடவினோம். மூடிக்குக் கீழ இருந்து நுரை. உள்ள இருந்த கேஸ்கெட் காய்ஞ்சு, அப்பளம் மாதிரி வெடிச்சிருந்தது. புதுசு சில டாலர். அவ்வளவுதான்.

இந்தக் கதையை ரிப்பேர் கடையைத் திட்டச் சொல்லலை. அவங்க வேலை மணிக்கணக்குல. 'கார்பரேட்டர் ரீபில்டு'ன்னு பில்லுல ஒரு வரி எழுதலாம், 'மூடியைத் திறந்து சத்தம் கேட்டது'ன்னு எழுத முடியுமா? பாகத்தை மாத்துறதுக்குக் காசு கிடைக்கும், யோசிக்கிறதுக்குக் கிடைக்காது. அதனால யோசிக்கிற வேலையை மோட்டாரோட சொந்தக்காரரே செஞ்சாதான் உண்டு. அதுவும் முடியுற வேலைதான், ஏன்னா அந்தக் காலத்து மோட்டாரை மீன் பிடிக்கப் போறவனே சரி பண்ணிக்கணும்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க. அந்த 1956 மோட்டார்ல குறைவேகம், அதிவேகம் ரெண்டு கலவை ஊசிக்கும் முன்பக்கத்துலயே குமிழ் வச்சிருக்காங்க. ஓட்டிக்கிட்டே திருகிக்கலாம்.

அடுத்து எத்தனால். இங்கதான் பழைய அனுபவசாலிகளோட எனக்குச் சண்டையே. "எங்க காலத்துல போன வருஷப் பெட்ரோல்லயே ஓட்டினோம்"பாங்க. அந்தப் பெட்ரோல் வேற, இந்தப் பெட்ரோல் வேற சார்! இன்னிக்கு அமெரிக்க பங்க்ல பொதுவா கிடைக்கிறது 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணியை இழுக்கும். சுமார் 0.5 சதவீதம் தண்ணி சேர்ற வரைக்கும் தாங்கும், குளிர்ல அதுக்கும் கம்மி. அதைத் தாண்டினா எத்தனாலும் தண்ணியும் கூட்டணி போட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துடும். பெட்ரோல் உறிஞ்சுற குழாய் முனையும் அடியிலதான் இருக்கு. ஆயில் மேல இருக்கிற பெட்ரோலோட நின்னுடும். ஆக எஞ்சினுக்குப் போறது எரியாத, ஆயிலும் இல்லாத ஒரு திரவம். அதுக்கு கார்பரேட்டரை எத்தனை தடவை கழுவி என்ன பிரயோஜனம்? ஒரு கண்ணாடி பாட்டில்ல அடிப்பக்கப் பெட்ரோலைப் பிடிச்சு அரை மணி நேரம் வச்சுப் பாருங்க, ரெண்டு அடுக்கா பிரியுதான்னு. இது முதல் நாள் செய்ய வேண்டிய சோதனை.

அந்தக் காலத்து கார்பரேட்டர் மிதவை தக்கையால ஆனது, மேல ஷெல்லாக் பூச்சு. எத்தனால் அந்தப் பூச்சைக் கரைச்சிடும். தக்கை பெட்ரோலைக் குடிச்சு கனமாகி முங்கும், ஊசி மூடாது, பெட்ரோல் வழியும். சுத்தம் பண்ணினா ஒரு வாரம் நல்லா இருக்கும், மறுபடி வழியும். இங்கே தேவை சுத்தம் இல்லை, எத்தனாலுக்கு அசையாத புது மிதவை. மினசோட்டா சட்டத்துல படகு, பழங்கால வண்டி, சின்ன எஞ்சின்களுக்காக எத்தனால் கலக்காத பிரீமியம் பெட்ரோல் விக்க விலக்கு இருக்கு. விலை கூடத்தான். ஆனா ஒரு சீசனுக்கு இந்தச் சின்ன மோட்டார் குடிக்கிறது எவ்வளவு? அங்க மிச்சம் பிடிக்கறது எனக்குப் புரியாத சிக்கனம். 15 சதவீதம் கலந்தது படகு எஞ்சினுக்குச் சட்டப்படியே கூடாது.

"கொஞ்சம் தள்ளாடினா என்ன, ஓடுதுல்ல"ன்னு விடறவங்களுக்கு ஒண்ணு. டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோடதான் வருது. பெட்ரோல் கம்மியா வந்தா ஆயிலும் கம்மி, சூடும் அதிகம். அடைச்ச ஜெட்டோட ஐடில்ல தும்முற மோட்டாரை முழு வேகத்துல ஒரு மணி நேரம் விரட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். அது சில டாலர்ல முடியாது. கலவை அளவும் அப்படித்தான்: 1964லதான் ஜான்சனும் எவின்ரூடும் பெரும்பாலான மோட்டார்களுக்கு 50க்கு 1ன்னு மாத்தினாங்க. அதுக்கு முந்தின 50கள் மோட்டாருக்கு 24க்கு 1. ஆயில் டப்பாவுல 50க்கு 1னு போட்டிருக்குன்னு அதுலயும் ஊத்தக்கூடாது. ஆயிலும் படகுக்கான டிசி-டபிள்யூ3 ரகமா இருக்கணும், பைக் டூ டி ஆயில் இல்லை.

இப்ப எதிர்க்கட்சி வாதம். பழைய டூ ஸ்ட்ரோக் சுற்றுச்சூழலுக்குக் கேடு. உண்மைதான், மறுக்கலை. உள்ள போற பெட்ரோல்ல ஒரு பங்கு எரியாமலே தண்ணியில கலக்குது. இதுக்காகத்தான் தாஹோ ஏரியில 1999லேர்ந்து கார்பரேட்டர் வச்ச டூ ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை கொண்டுவந்தாங்க. தினம் ஓட்டுறவங்க ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குறதுதான் நியாயம். ஆனா வருஷத்துல நாலஞ்சு நாள் ஓடுற அப்பா காலத்து மோட்டாரை வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, வழியாம, புகையாம வச்சுக்கிறது கடமை. கெட்டுப்போன பெட்ரோலைத் தோட்டத்துல ஊத்தாம, கவுன்ட்டி நடத்துற அபாயக் கழிவு மையத்துல கொண்டுபோய்க் கொடுக்கிறதும் சேர்த்துத்தான்.

இன்னொரு பக்கம் 'ஒரிஜினல் கட்சி'. அந்த அழுத்த டேங்கை மாத்தவே கூடாது, மாத்தினா மதிப்பு போச்சும்பாங்க. கண்காட்சிக்குன்னா சரி. ஆனா குழந்தைகளை ஏத்திக்கிட்டுப் போற படகுல, அறுபது எழுபது வருஷ டேங்க்ல பெட்ரோலை அழுத்தி வச்சு, அது பழைய ஹோஸ் வழியா நம்ம கால் பக்கத்துல போறதை நான் ஏத்துக்க மாட்டேன். ஹோஸ்ல வெடிப்பு விட்டா சொட்டாது, பீச்சும். ஒண்ணு ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் மொத்தமும் புதுசு போடுங்க. இல்லைன்னா சாதாரண டேங்க், பம்ப்புக்கு மாத்துங்க. அப்படி மாத்துறப்ப வெறும் பம்ப்பை வாங்கி ஒட்டினா வேலை செய்யாது. கிராங்க் கேஸ்லேர்ந்து டேங்குக்குக் காத்து அனுப்புற வால்வு வழிகளையும் மாத்தினாதான் பம்ப்புக்குத் துடிப்பு கிடைக்கும். பெரியவர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். கேஸ்கெட்டோட ஹோஸும் அன்னிக்கே மாத்தியாச்சு.

நம்ம ஊருக்கு இதுல என்ன சம்பந்தம்னா, இந்தியாவுல 2023ல 20 சதவீத எத்தனால் பெட்ரோல் விக்க ஆரம்பிச்சு, 2025ல நாடு முழுக்க அந்த அளவை எட்டியாச்சு. ஷெட்டுல தூங்குற சேட்டக்குக்கும் கார்பரேட்டர் இருக்கு, ரப்பர் குழாய் இருக்கு, இரும்பு டேங்க் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போய் உதைச்சுப் பார்த்து, ஸ்டார்ட் ஆகலைன்னு மெக்கானிக் "கார்பரேட்டர் மாத்தணும் தம்பி"ன்னு சொன்னா, "பிளக் நனைஞ்சிருக்கா, காய்ஞ்சிருக்காண்ணே?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு, அடிப்பக்கப் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க. மாத்துறதை அரை மணி நேரம் கழிச்சு முடிவு பண்ணிக்கலாம்.